செல்வநாயகி மச்சாளின் ஓம்

எங்கள் உடுவில் சபையில் ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ஓம் என்று சொன்ன ஒரே மனுசி என் மச்சாள்தான். என் அண்ணை சிமியோனின் பெண்சாதி, செல்வநாயகி. இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் காலத்தில் அவர்களுக்கெல்லாம் ராத்திரியில் எப்படி நித்திரை வந்தது என்று எனக்குத் தெரியாதா என்ன!

மச்சாள் கோப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தவள். தகப்பன் முருகேசு வெங்காயத் தோட்டம் செய்தவர். அண்ணை சுன்னாகத்து முதலாளி ஒருவரின் லொறி ஓடினார். வெங்காயம் ஏற்றப் போன தோட்டத்தில் பெண்ணையும் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் "சைவக்காரி" என்று குதித்தார்கள். அவர்கள் வீட்டில் "வேதக்காரன்" என்று குதித்தார்கள். குதித்துக் களைத்த பிறகு இரண்டு பகுதியும் கல்யாணத்தில் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள்.

ஞானஸ்நானத்தின்போது அவளுக்கு எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். சபையின் தமிழும் அவளுக்கு வாயில் ஏறவில்லை. தேவரீர் என்றும் அடியேன் என்றும் சொல்லத் தொடங்கினால் பாதியில் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாள். ஒருநாள் என்னைக் கேட்டாள்.

"மச்சாள், எல்லாரும் கடைசியிலை ஆமென் எண்டு சொல்லுறியள். அதென்ன?"

"செபம் முடிஞ்சுது எண்டு அர்த்தம்," என்றேன் நான். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் கல்யாணம் கட்டாமல் நின்றுவிட்டவள். அண்ணைக்கு ஒரு வளவு, எனக்குப் பக்கத்து வளவு, நடுவில் கிடுகுவேலி. வேலியில் ஆள் குனிந்து போய்வர ஒரு பொட்டு இருந்தது. அந்தப் பொட்டுக்குள்ளால் கறி போகும், சீனி வரும், ஊர்ப் புதினம் இரண்டு பக்கமும் போய்வரும். இப்போது அந்த இடத்தில் மதில் கட்டியாயிற்று. நல்ல மதில்தான். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

ஊர் வழக்கப்படி மச்சாள் புருசனின் பெயரைச் சொல்லமாட்டாள். எப்போதும் "அவர்"தான். செபம் பண்ணப் பழகிய பிறகு ஆண்டவரையும் "அவர்" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். அதனால் வந்த குழப்பம் கொஞ்சமல்ல. "அவர் எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் வாய் திறக்கிறார் இல்லை," என்பாள். "எந்த அவர்? மேலை இருக்கிறவரோ, லொறியிலை போனவரோ?" என்று நான் கேட்பேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே விளங்கினாலும் விளங்காத மாதிரிக் கேட்டிருக்கிறேன்.

எண்பத்து மூன்று ஆடி வரைக்கும் அவள் நன்றாக நித்திரை கொண்டவள். லொறி கொழும்புக்குப் போய் வர மூன்று நாலு நாளாகும். வரும் வழியில் அண்ணை முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் கடலை வாங்கி வருவார். முறிகண்டியில் நிறுத்தாமல் வருகிற சாரதி எந்தச் சமயத்திலும் இல்லை. எங்கள் சபை மூப்பர் இராசநாயகத்தாருக்குத் தெரிந்திருந்தால் அதற்கென்றே ஒரு கூட்டம் கூட்டியிருப்பார். கச்சான் சுருள் வேலிப் பொட்டுக்குள்ளால் எனக்கும் வரும். அதைக் கொறித்துக்கொண்டு நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆடிக் கலவரத்தில் அண்ணை கொழும்பில் அகப்பட்டுக்கொண்டார். லொறியை எரித்துவிட்டார்கள். அவர் ஒரு சிங்களக் கடைக்காரரின் சாக்கு அறைக்குள் ஒளித்திருந்து, பிறகு அகதி முகாமுக்குப் போய், கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். கட்டியிருந்த சாரமும் யாரோ கொடுத்த ஒரு சேட்டும்தான் மிச்சம். அதுவரையில் அவர் உயிரோடு இருக்கிறார் என்றே எங்களுக்குத் தெரியாது. வாசல் படலையில் அவரைக் கண்டதும் மச்சாள் அழவில்லை. போய் உலை வைத்தாள். ஆனால் அன்றோடு அவளுடைய நித்திரை போய்விட்டது.

முதலாளி வேறு லொறி வாங்கினார். அண்ணைக்கு வேறு தொழில் தெரியாது, மறுபடியும் ஏறினார். அவர் இல்லாத இரவுகளில் மச்சாள் நித்திரை கொள்ளாததில் அதிசயமில்லை. அவர் வீட்டில் குறட்டை விடுகிற இரவிலும் எழும்பி எழும்பி அவருடைய காலைத் தொட்டுப் பார்ப்பாளாம்.

"உவள் என்னைத் தோசைக்கல்லுப் பாக்கிற மாதிரி தொட்டுத் தொட்டுச் சூடு பாக்கிறாள், தங்கச்சி," என்று அண்ணை பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. சோற்றைக் கிளறிவிட்டு எழும்பிவிடுவாள்.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் நித்திரைக் குளிசை தந்தார். இரண்டு நாள் போட்டுவிட்டுக் கிணற்றடி வாழைக்குள் எறிந்துவிட்டாள். "குளிசை போட்டால் அவர் வந்து கூப்பிடேக்கை எனக்குக் கேளாது," என்றாள். எந்த அவர் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

லொறி எங்கள் ஒழுங்கைக்குள் வராது. அண்ணை சந்தியில் விட்டுவிட்டு நடந்துதான் வருவார். அதற்காகப் படலையில் ஒரு அரிக்கன் லாம்பைக் கொளுத்தித் தூக்கிவிட்டு, விடியும்வரை அதற்குப் பக்கத்தில் பலகை போட்டு இருப்பாள். ஆமிக்காரர் இரவில் சுற்றத் தொடங்கிய பிறகும் லாம்பு தொங்கியது. முன்வீட்டுப் பரமலிங்கத்தார் வந்து கத்தினார். "பிள்ளை, உந்த வெளிச்சத்துக்கு அவங்கள் எங்கடை வீட்டுக்குள்ளையெல்லோ வந்து நிக்கப்போறாங்கள்!" மச்சாள் திரியைக் கொஞ்சம் குறைத்தாள். நூர்க்கவில்லை.

செபம் பண்ணாமலும் இருக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிற எனக்கு எல்லாம் கேட்கும். "இப்ப ஆனையிறவு தாண்டியிருப்பாரோ? நீர் சொல்லுமன். பத்திரமாய்க் கொண்டுவந்து விடுவீரோ? சொல்லும்." ஒரே கேள்வி, திரும்பத் திரும்ப. கோயிலில் நாங்கள் படிக்கிற செபங்களைவிட அது உண்மையான செபம்தான். ஆனால் அதைச் செய்து முடித்தவள் முன்னதைவிடக் களைத்துப்போய் இருந்தாள்.

ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வழக்கம்போல அவள் வேலிப் பொட்டால் எட்டி, "மச்சாள், அடுப்பிலை பால் கிடக்குது, பாத்துக்கொள்ளும். நான் குளிச்சிட்டு வாறன்," என்றாள். "ஓம் ஓம், போட்டு வாரும்," என்று சொல்லிவிட்டு நான் போய் அடுப்படியில் நின்றேன். அவள் ஆறுதலாகக் குளித்து, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு வந்தாள். பிடித்துக்கொண்டேன்.

"என்னை நம்பிப் பாலை விட்டிட்டுப் போறீர். ஒருக்காலும் திரும்பிப் பாக்கிறேல்லை. ஆண்டவரை நம்பி உம்மடை மனுசனை விட்டிட்டுப் படுக்க ஏலாதோ? நான் அவரைவிடத் திறமோ?"

மச்சாள் தலையில் கட்டிய துவாயோடு அப்படியே நின்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது.

"நீர் ஓம் எண்டு சொல்லுவீர், மச்சாள்," என்றாள். "நான் நிம்மதியாய்ப் போறன். அவர் சொல்லுறார் இல்லையே. எத்தினை தரம் கேட்டிட்டன்!"

ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவள் நான், பொட்டால் குனிந்து என் வளவுக்குத் திரும்பினேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு மாரியில் அந்தக் கிழமை வந்தது. அண்ணை கொழும்பிலிருந்து வெளிக்கிட்டுவிட்டார் என்று முதலாளிக்குச் செய்தி. பிறகு ஒன்றும் இல்லை. வவுனியாவுக்கு இங்காலே றோட்டில் வாகனங்களை மறித்துச் சுட்டதாகவும் எரித்ததாகவும் கதை வந்தது. அதில் சுன்னாகத்து லொறி ஒன்றும் உண்டு என்றார்கள், இல்லை என்றார்கள். மச்சாள் படலையடிப் பலகையை விட்டு எழும்பவில்லை. பகலிலும் அங்கேதான். நான் சோற்றைக் குழைத்து வாயில் திணிக்கப் பார்த்தேன். அவள் பல்லைத் திறக்கவில்லை. இனி இவளையும் சேமக்காலைக்கு அனுப்ப வேண்டி வரும் என்று உண்மையாகவே பயந்தேன்.

போதகர் ஐயா கேள்விப்பட்டு அண்ணை வீட்டில் ஒரு செபக்கூட்டம் வைத்தார். பொழுதுபட முன்னமே எல்லாரும் வீடு திரும்ப வேண்டும் என்பதால் வெயில் தாழத் தொடங்கியதும் வந்துவிட்டார்கள். இராசநாயகத்தாரும் வந்தார். போதகர் ஐயா நீட்டிச் செபிக்கிற ஆள். அன்றைக்கு அவரும் சுருக்கிவிட்டார்.

"ஆண்டவரே, சிமியோன் எங்கே நிற்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். அவரை உம்முடைய கையில் விடுகிறோம். நீர் பார்த்துக்கொள்ளும்."

அவ்வளவுதான். சால்வைத் தலைப்பைக் கையில் எடுத்தார். அந்த இடைவெளியில், எங்களில் ஒருவரும் ஆமென் சொல்ல முன்னம், பாயின் மூலையில் இருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது.

"ஓம்."

ஆம் என்பதற்கு நாங்கள் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுகிற சொல்தான். தேத்தண்ணி வேணுமோ, ஓம். மழை வருமோ, ஓம். ஆனால் கண்ணை மூடி, கையைக் கூப்பி, ஒரு கோப்பாய்ச் சைவக்காரி செபத்தின் முடிவில் அதைச் சொன்னபோது அறைக்குள் எல்லாருக்கும் சைவக் கோயில் மணிதான் ஞாபகம் வந்தது. இரண்டு பெடிச்சிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இராசநாயகத்தார் செருமினார்.

"எஸ்தர், உது சைவக்காரற்றை மந்திரம். இஞ்சை ஆமென் எண்டு சொல்லவேணும்."

நான் எழும்பியே விட்டேன். இந்த நேரத்தில் இந்த மனுசனுக்கு இதுதானா கிடைத்தது? ஆனால் நான் வாய் திறக்க முன்னம் மச்சாள் கண்ணைத் திறந்தாள்.

"மந்திரம் இல்லை, ஐயா. அவரை உம்மடை கையிலை விடுறம், பாத்துக்கொள்ளும் எண்டு போதகர் ஐயா சொன்னவர். நான் ஓம் எண்டனான். விட்டிட்டன் எண்டு சொன்னனான்."

போதகர் ஐயா சால்வையால் முகத்தைத் துடைத்தார். "இராசநாயகத்தார், ஆமெனுக்கும் உதுதான் அர்த்தம். அப்பிடியே ஆகட்டும், ஓம். நாங்கள் சொல்லுறதைத்தான் அந்தப் பிள்ளை எங்கடை தமிழிலை சொல்லியிருக்குது," என்றார். இராசநாயகத்தார் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான். செபம் முடிஞ்சுது என்று அர்த்தம் சொன்ன பண்டிதை நானல்லவா!

எல்லாரும் போன பிறகு மச்சாள் சோறு கேட்டாள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு லாம்பை எடுக்கப் போகிறாள் என்று பார்த்தால், பாயைத் தட்டி விரித்தாள்.

"நான் ஒவ்வொரு நாளும் அவர் ஓம் சொல்லவேணும் எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தன், மச்சாள்," என்றாள். "இண்டைக்குத்தான் விளங்கிச்சுது. கேட்டுக்கொண்டு நிண்டது அவர். என்ரை கையிலை விடுறியோ எண்டு அவர்தான் இவ்வளவு நாளும் கேட்டவர். ஓம் சொல்லவேண்டினது நானெல்லோ." சொல்லி முடித்துச் சரிந்தவள்தான். மூச்சு நீளமாக வரத் தொடங்கியது. நான் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வராமல் காலைத் தொட்டும் பார்த்தேன்.

விடியப்புறம் வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு தலை வந்தது. அண்ணை. தாடியும் தூசியுமாக, பேய் கண்டவர் மாதிரி நின்றார்.

"தங்கச்சி! படலையிலை லாம்பு இல்லை! அவளுக்கு என்ன நடந்தது?"

"நித்திரை, அண்ணை."

"நித்திரையோ? ஆர், நாயகியோ? சும்மா விசர்க் கதை கதையாதை!"

றோட்டைப் பூட்டியதால் மன்னார்ப் பக்கத்தால் சுற்றி வந்திருக்கிறார். எத்தனையோ மறிப்புகள், துவக்குகள். அங்கெல்லாம் பயப்படாத மனுசன் லாம்பில்லாத படலையைக் கண்டதும் வீட்டுக்குள் போகப் பயந்து என்னிடம் வந்திருக்கிறார். வீட்டுக்குள் போய், அவள் நித்திரை கொள்வதைப் பார்த்து, எழுப்பாமல் பக்கத்தில் குந்தியிருந்தார். பிறகு தானே தேத்தண்ணி வைத்தார். அதைக் குடித்ததை நான் இன்னும் மறக்கவில்லை, அவ்வளவு மோசம். மச்சாள் வெயில் ஏறித்தான் கண் விழித்தாள். அவரைக் கண்டதும் அழுதாள், கப்பலில் வந்த அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதாள்.

அண்ணை வந்ததால் இந்தக் கதையை நான் சொல்லவில்லை. வராமலும் விட்டிருக்கலாம். அந்தக் கிழமை வராமல் போனவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் செபித்தவர்கள் இருந்தார்கள். மச்சாளுக்கும் அந்த ஒரு ஓமோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பிறகும் சாமத்தில் விழிப்பாள். ஆனால் கேள்விகள் இல்லை. மெல்லமாக "ஓம்" என்பாள், பிறகு மூச்சு நீளும். வேலிக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அது தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது.

தொண்ணூறில் பாதை முழுதும் பூட்டியதோடு அண்ணையின் லொறி ஓட்டம் நின்றது. பிறகு வந்தது குண்டு போடுகிற பொம்மர். மூன்று வீட்டுக்குமாக எங்கள் வளவில் ஒரு பங்கர் வெட்டினோம். பிளேன் சத்தம் கேட்டால் பரமலிங்கத்தார் குடும்பமும் ஓடி வந்து இறங்கும். உள்ளே நான் செபிப்பேன், முடிவில் மச்சாள் ஓம் என்பாள், உடனே சைவக்காரரான பரமலிங்கத்தாரும் பெரிய குரலில் "ஓம்!" என்பார். "உங்கடை செபத்திலை எனக்கு விளங்கிற இடம் உது ஒண்டுதான், பிள்ளை," என்பார். அந்தக் குழிக்குள், அந்தப் பயத்துக்குள், நாங்கள் சிரித்திருக்கிறோம். இப்போது பஞ்சு மெத்தையில் கிடக்கிற எனக்கு அந்தப் பங்கருக்கு மனம் போகிறது என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமம் முழுதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. மழை. அண்ணைக்கு அதற்கு முன்னமே நெஞ்சு வருத்தம். சைக்கிளில் ஒரு உரப்பையைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாவற்குழிப் பாலத்தில் சனம் அசைய முடியாமல் நின்றபோது, "ஆறு சில்லோடை இந்தப் பாலத்தாலை பறந்தனான், தங்கச்சி. இப்ப ரண்டு சில்லையே தள்ள ஏலாமல் கிடக்குது," என்று சிரித்தார். மச்சாள் அவருடைய முதுகில் கையை வைத்துக்கொண்டே வந்தாள். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில் எங்களுக்கு ஒரு மூலை கிடைத்தது. இடம் கிடைத்த கொஞ்ச நாளில், ஒரு விடியற்காலை, தேத்தண்ணிக்கு எழுப்பப் போன மச்சாள் அவருடைய காலைத் தொட்டாள். கால் குளிர்ந்திருந்தது.

அவள் என்னைக் கூப்பிடவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

அன்று பின்னேரமே பக்கத்துச் சேமக்காலையில் அடக்கம் பண்ணினோம். எங்கள் போதகர் ஐயா எந்தப் பக்கம் போனார் என்று தெரியாது. அந்த ஊர்ப் போதகர், இளம் ஆள், வந்தார். எங்களோடு அதே பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்த இராசநாயகத்தார் தன் குடையை மச்சாளுக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்தபடி நின்றார். போதகர் செபித்தார். முடிவில், "இவரை உம்முடைய கையில் விடுகிறோம்," என்றார்.

எங்கள் சனம் ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. எல்லாரும் மச்சாளைப் பார்த்தார்கள். அவள் வாய் திறக்கவில்லை. மழை குடையில் அடிக்கிற சத்தம் மட்டும். சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். சொல்லாவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன், எனக்கு அப்போது ஆண்டவரில் அவ்வளவு கோபம். என்ன செய்வதென்று தெரியாமல் அந்த இளம் போதகர் தானே ஆமென் சொல்ல வாயெடுத்தார். இராசநாயகத்தார் கையைக் காட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கோ, ஐயா. அந்தப் பிள்ளை சொல்லும்."

பொறுத்தோம். மச்சாள் குனிந்து ஈரமண்ணில் ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.

"ஓம்," என்றாள்.

அன்றிரவு வகுப்பறையில் காலை நீட்ட இடமில்லாமல் சனம். மச்சாள் எனக்குப் பக்கத்தில் படுத்தாள். அண்ணை படுத்திருந்த இடத்தில் இப்போது வேறு ஒரு குடும்பத்தின் பிள்ளைகள். எனக்குக் கண் மூட முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன், சத்தம் வராமல் அழுததாகத்தான் நினைத்தேன். இருட்டில் மச்சாள் என் பக்கம் திரும்பினாள். அவளுடைய முகமும் ஈரம்தான்.

"நித்திரை கொள்ளேல்லையோ, மச்சாள்?"

"எப்பிடி வரும்?"

அவள் கையை நீட்டி என் காலைத் தொட்டாள், சூடு பார்ப்பதுபோல. தொட்டு, போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

"படும். அவர் முழிச்சுத்தான் இருக்கிறார்."

எந்த அவர் என்று எத்தனையோ வருசம் அவளைக் கேட்ட வாய் இது. அன்றைக்குக் கேட்கவில்லை.

"ஓம்," என்றேன்.